போகாமல் நின்ற வரி

எட்டு ஸ்குரூ கழன்றாயிற்று. ஒன்பதாவது மட்டும் அசைய மாட்டேன் என்கிறது. பதினோரு மணிக்கு வகுப்பு மட்டும் இல்லையென்றால் தமயந்தி இந்நேரம் அந்த லேப்டாப்பைத் தூக்கி நடுரோட்டில் எறிந்திருப்பாள். சாப்பாட்டு மேஜையில் பழைய துண்டை விரித்து அதைக் கவிழ்த்துப் போட்டிருந்தாள். கழற்றிய எட்டும் எவர்சில்வர் கிண்ணத்தில் கிடந்தன. பக்கத்தில் நேற்று கூரியரில் வந்த புது வைஃபை கார்டு, தபால்தலை அளவு இருக்கும், உறைகூடப் பிரிக்கவில்லை. மணி ஒன்பது நாற்பது. இந்தப் பாழாய்ப்போன ஒன்பதாவது கழன்றால்தான் அடிமூடி திறக்கும், திறந்தால்தான் பழைய கார்டு வெளியே வரும், புதுசு உள்ளே போகும், வைஃபை அறுந்து அறுந்து போகாமல் நிற்கும். நின்றால் கௌசிகா பாடம் படிப்பாள், நிற்காவிட்டால் இல்லை. கௌசிகா கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் தாவரவியல் இரண்டாம் வருஷம். காது கேட்காது. வாத்தியார் மேஜை மேல் அவளுடைய போன் இருக்கும், வாத்தியார் பேசுவதெல்லாம் அந்தப் போன் வழியாக ஈரோட்டில் தமயந்தி காதுக்கு வரும், தமயந்தி கேட்கக் கேட்க அடிப்பாள், அடித்தது இன்டர்நெட்டில் போய்க் கௌசிகா முன்னால் இருக்கிற டேப்லெட்டில் வரி வரியாக ஓடும். வகுப்புக்கு முன்னால் தமயந்தி ‘கேக்குதா?’ என்று அடிக்க வேண்டும், அவள் ‘கேக்குதுக்கா’ என்று பதில் போட வேண்டும். முதல் நாள் வாய் தவறின மாதிரி கை தவறி அப்படிக் கேட்டுவிட்டு, காது கேட்காத பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா இது என்று தமயந்தி நாக்கைக் கடித்துக்கொண்டாள். கௌசிகாதான் சிரிப்பு பொம்மை ஒன்று போட்டு அதையே தினப்படி வழக்கமாக்கிவிட்டாள். அந்தப் பிள்ளைக்குத்தான் இன்றைக்குக் கடைசி வாய்ப்பு. வேலை கொடுக்கிற நிறுவனத்திலிருந்து நேற்றுச் சாயங்காலம் குரல் செய்தி வந்தது. “மேடம், லைன் இப்படி கட்டாயிட்டே இருந்தா என்ன பிரயோஜனம், பக்கத்துப் பொண்ணு நோட்டைப் பாத்து எழுதிக்கட்டும்னு பிரின்ஸிபால் சொல்றார். நாளைக்குப் பதினோரு மணி வகுப்புல அவரே வந்து உட்காந்து பாக்கப்போறார். நாளைக்கும் கட்டாச்சுன்னா நிறுத்திடுவாங்க. கௌசிகா மட்டும் உங்களுக்காக எழுதிக் குடுத்திருக்கா மேடம், அக்கா ஒண்ணுவிடாம அடிப்பாங்க, லைன்தான் மோசம்னு.” ஒண்ணுவிடாமலாம். அந்த இடம் வந்ததும் தமயந்தி போனை அணைத்து மெத்தையில் போட்டுவிட்டாள்.

ஸ்குரூ டிரைவரை மறுபடி வைத்து அழுத்தித் திருப்பினாள். வழுக்கியது. கடைக்காரன் செய்திருக்க வேண்டிய வேலை இது. எத்தனை தடவை போய் நின்றாள் அந்தக் கடையில். “ஏழு வருசத்துப் பழசுங்க மேடம், இதுக்கெல்லாம் கார்டு மாத்தறது வேஸ்ட்டு, புதுசா ஒண்ணு எடுத்துக்கோங்க, உங்க வேலைக்குச் சின்னதே போதும்.” உங்க வேலைக்கு! என்ன வேலை என்று கேட்டானா அவன்? மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, விரலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த ஆளிடம் திரும்பிக்கொண்டான். அவன் தலையில் இடி விழ. கேபிளைச் சொருகலாம் என்றால் சொருகுகிற இடம் போன வருஷமே உடைந்து தொங்குகிறது, போன் டேட்டா இந்தச் சந்துக்குள் ஊர்ந்துதான் வரும். வேறு வழியில்லாமல் அவளே வீடியோ பார்த்து, கார்டை வரவழைத்து, காலையில் அவசரமாகச் சட்னியை அரைத்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள். மூன்று வீடியோ பார்த்தாள், மூன்றிலும் அந்த ஆட்கள் ஒன்பது ஸ்குரூவையும் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி கழற்றிக் காட்டினார்கள். எவன் வீட்டு ஸ்குரூவும் மாட்டிக்கொள்ளவில்லை, இவள் வீட்டு ஸ்குரூ மட்டும்தான். பேப்பரை மடித்துக்கொண்டு மோகனசுந்தரம் வந்து நின்றார். கட்டிய புருஷன். மில்லில் இரண்டாவது ஷிப்டு, மத்தியானம் வரை வீட்டில்தான். “என்ன, இன்னும் முடியலையா? நான்தான் அப்பவே சொன்னேனில்ல, இதுக்கு உசுரு போயிருச்சுன்னு.” “சித்தெ அக்கட்ட நில்லுங்க, வெளிச்சத்த மறைக்கறீங்க.” “டைப் அடிக்கறதுக்கு எதுக்கு இத்தன ஆர்ப்பாட்டம்? இன்னைக்கு ஒருநாள் லீவு சொல்லிப்போடு.” தமயந்தி நிமிரவில்லை. நிமிர்ந்தால் வாயில் என்ன வரும் என்று அவளுக்கே தெரியாது. டைப் அடிக்கிறதாம். இந்த மனுஷன் மூன்று வருஷம் ஆபீசில் வைத்துத் தேய்த்துவிட்டு, மில்லில் புதுசு கொடுத்ததும் ‘இந்தா வெச்சுக்க’ என்று கொடுத்ததுதானே இது. தேய்ந்ததைக் கொடுத்துவிட்டு உசுரு போயிருச்சு என்று சாவு சேதி வேறு. டார்ச்சை அடித்து ஸ்குரூக் குழிக்குள் பார்த்தாள். அப்போதுதான் தெரிந்தது. ஸ்குரூவின் தலை தெரியவே இல்லை. மஞ்சளாகக் காய்ந்து, நடுவில் சிவப்பாக ஒரு பொட்டு. சந்தனம். ஆயுத பூசைச் சந்தனம், வருஷா வருஷம் ஒன்றின் மேல் ஒன்றாக, சிமெண்டு மாதிரி. அட கடவுளே. வருஷத்துக்கு ஒருநாள் பொட்டு வைத்துக் கும்பிட வேண்டியது, மீதி நாளெல்லாம் ஓட்டை டப்பா என்று திட்ட வேண்டியது. “ஏனுங்க, இங்க வாங்க. இதுக்குள்ள சந்தனத்தை அப்பி வெச்சது நீங்கதான?” அவர் குனிந்து பார்த்தார். நிதானமாகச் சிரித்தார். “நானா? மேல வெச்சா கறை பட்டுரும், அசிங்கமா இருக்கும்னு கவுத்துப் போட்டு, குழியாப் பாத்து அளவா வெச்சது நீயாக்கும்.” அது உண்மை.

உண்மை என்று தெரிந்ததும் கோபம் இன்னும் ஏறியது. குழியாகப் பார்த்து வைத்தவள் இவளேதான், முதல் வருஷம் எத்தனை ஆசையாக வைத்தாள், தனக்கென்று ஒரு வேலை, தனக்கென்று ஒரு மெஷின், மேலே கறை படக் கூடாது, பூவும் விழக் கூடாது என்று பார்த்துப் பார்த்து. பார்த்துப் பார்த்துச் செய்வதுதான் எல்லாவற்றையும் கெடுக்கிறது. ஊக்கை எடுத்து நிமிர்த்திச் சுரண்டினாள். மாவாக உதிர்ந்தது. ஊதினாள். கண்ணில் விழுந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டே மறுபடி சுரண்டினாள். வாசனை வேறு வருகிறது, இத்தனை வருஷம் கழித்தும், பூசையறை வாசனை, இந்த நேரத்தில் எவனுக்கு வேண்டும் வாசனை. பத்து மணி அடிக்கப்போகிறது. இவள் அழுத்துகிற அழுத்தலில் ஊக்கு வளைந்தது. இன்னொரு ஊக்கு, தாலிக்கொடியில் கோத்திருந்தது. போன வியாழக்கிழமை மட்டும் லைன் ஒழுங்காக இருந்திருந்தால். ம்ஹும், அதை இப்போது நினைக்கக் கூடாது. ஸ்குரூவை நினை. ஸ்குரூவின் தலையில் கூட்டல் குறி இருக்கும், அந்த நாலு கோடும் தெரிகிற வரைக்கும் சுரண்டு. ஒரு கோடு தெரிந்தது. போன வியாழக்கிழமை. வியாழக்கிழமையும் வேண்டாம், ஒரு கிழமையும் வேண்டாம். அன்றைக்கும் குற்றம் வைஃபை மேல்தான். கேட்டவர்களுக்கெல்லாம் அப்படித்தான் சொன்னாள், நிறுவனத்துக்கு, வீட்டில், அந்தப் பிள்ளைக்கு. குறிப்பாக அந்தப் பிள்ளைக்கு. “அந்த டார்ச்சைச் சித்தெ பிடிங்க” என்றாள். அவர் பிடித்தார். அவள் கையின் நிழல் சரியாகக் குழி மேல் விழுகிற மாதிரி பிடித்தார். “இக்கட்ட, இக்கட்ட.” “எந்தக் கட்ட?” “என்ற மண்டைக்கு மேலீங்க!” இரண்டாவது கோடு, மூன்றாவது கோடு. டிரைவரை வைத்து உடம்பின் கனத்தையெல்லாம் கையில் இறக்கி, மூச்சைப் பிடித்துத் திருப்பினாள். கிரீச் என்றது. திரும்பியது. “அட, வந்துருச்சே!” என்றார் மோகனசுந்தரம், என்னமோ தானே கழற்றின மாதிரி. அவள் ஸ்குரூவைக் கிண்ணத்தில் போட்டாள். சத்தம் நன்றாகவே கேட்டது.

அடிமூடியை ஏடிஎம் கார்டால் நெம்பித் திறந்தாள். உள்ளே தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. முதலில் பேட்டரி வயரைப் பிடுங்க வேண்டும், பிடுங்கினாள். மூலையில் அந்தப் பழைய வைஃபை கார்டு, அதன் தலையில் கறுப்பு ஒன்று வெள்ளை ஒன்று என்று இரண்டு மெல்லிய வயர், ஜாக்கெட்டில் வைக்கிற பிரஸ் பட்டனைவிடப் பொடிசாக நுனியில் ஒரு பித்தளை வளையம். இத்தனூண்டு சனியனா நாலு வருஷமாக உயிரை வாங்கியது? இதை நம்பியா ஒரு பிள்ளை படிப்பு தொங்கிக்கொண்டிருந்தது? கறுப்பை நகத்தால் கிளப்பினாள், வெள்ளையைக் கிளப்பினாள். சரி, நினைத்துத் தொலை, இனி நினைக்காமல் இருக்க முடியாது. போன வியாழக்கிழமை கௌசிகா ஒரு துண்டுச்சீட்டில் எழுதி வாத்தியாரிடம் நீட்டினாள். முந்தின நாள் லைன் கட்டானதில் விட்டுப்போன பகுதியை இன்னொரு தடவை சொல்ல முடியுமா சார் என்று. தாண்டவமூர்த்தி சார் அதைச் சத்தமாக வாசித்தார். வாசித்துவிட்டு, “காது கேக்காதவங்களுக்கெல்லாம் நான் ரெண்டு தடவை பாடம் எடுக்கணும்னா, நாளைக்குக் கண்ணு தெரியாதவன் வந்து, மைக்ராஸ்கோப்ல நான் என்னத்தப் பாக்கறதுன்னு கேப்பான்” என்றார். வகுப்பே சிரித்தது. தமயந்தியின் காது கொதித்தது, ஆனால் விரல் நிற்கவில்லை, பழகின விரல், ஒவ்வொரு சொல்லையும் அடித்தது, கடைசியில் ‘எல்லாரும் சிரிக்கிறார்கள்’ என்றும் அடித்தது. மற்றவர்களுக்குக் கேட்பதெல்லாம் அவளுக்கும் போய்ச் சேர வேண்டும், எது போகலாம் எது போகக் கூடாது என்று முடிவு பண்ண நாம் யார் என்று பயிற்சியில் முதல் நாளே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அடித்துவிட்டு அனுப்பினாள். வரி போகவில்லை. வைஃபை அறுந்து, வரிக்குப் பக்கத்தில் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே நின்றது. நாற்பது விநாடி. அந்த நாற்பது விநாடியும் அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், போய்விடு என்று நினைத்தாளா போகாதே என்று நினைத்தாளா, இன்றைக்கும் தெரியவில்லை. லைன் திரும்பி வந்தது. ‘மறுபடி அனுப்பவா?’ என்று கேட்டது மெஷின். அதற்கு இருந்த யோக்கியதை இவளுக்கு இல்லை. அழித்தாள். ‘எல்லாரும் ஏன்க்கா சிரிச்சாங்க?’ என்று வந்தது கௌசிகாவிடமிருந்து. ‘லைன் கட்டாயிருச்சு கண்ணு, எனக்கும் கேக்கல’ என்று அடித்தாள். அது மட்டும் ஒரு விநாடியில் போய்ச் சேர்ந்தது. எனக்கும் கேக்கல! குரல் வருவது போனில், எழுத்துப் போவது வைஃபையில், வைஃபை செத்தாலும் இவளுக்குக் கேட்டுக்கொண்டேதான் இருக்கும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாதா? அவளுடைய போன்தானே அது, அவள் கையால்தானே மேஜை மேல் வைக்கிறாள்? ‘சரிக்கா’ என்று மட்டும் போட்டாள். பாவம் பார்த்தேன், மனசு நோகுமே என்று பார்த்தேன், பார்த்துப் பார்த்துத்தான் அழித்தேன். தூ. பக்கத்துப் பொண்ணு நோட்டைப் பாத்து எழுதிக்கட்டும் என்கிறவனும், இதைக் கேட்க வேண்டாம் என்று அழிக்கிறவளும் ஒரே ஜாதிதான். அவனாவது ஒளிக்காமல் சொன்னான்.

பழைய கார்டின் ஸ்குரூவைக் கழற்றி அதை உருவிப் போட்டுவிட்டு, புது கார்டை உறையிலிருந்து எடுத்துச் சாய்வாகச் செருகி, அழுத்தி, அதன் பொடி ஸ்குரூவை முடுக்கினாள். வயர் இரண்டையும் அதனதன் இடத்தில் வைத்து விரலால் அமுக்கினாள். பேட்டரி வயர். மூடியை வெறுமனே பொருத்திவிட்டு நிமிர்த்திப் போட்டு ஆன் செய்தாள். பத்து முப்பத்தஞ்சு. சில மெஷின் புது கார்டை ஏற்றுக்கொள்ளாது என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள், அதைச் சொல்லும்போது அந்த ஆள் சிரித்தான் வேறு. திரை கறுப்பாகவே இருந்தது. போச்சு, உள்ளதும் போச்சு, பழையதாவது நாற்பது விநாடிக்கு ஒரு தடவை உயிரோடு இருந்தது. கௌசிகாவுக்கு என்ன சொல்வாள்? லைன் கட்டாயிருச்சு கண்ணு என்றா? அந்தப் பொய்யைச் சொல்லச் சொல்ல நிஜமாகவே லைன் செத்துவிட்டது பார். வெளிச்சம் வந்தது. உயிர் வந்தது. வைஃபை குறியைத் தொட்டாள். வீட்டு வைஃபையின் பேர் இருந்தது, ஒரே ஒரு கோட்டில், சாகக் கிடக்கிற மாதிரி. பழைய கார்டே மூன்று கோடு காட்டும்! “பாத்தியா, நான் சொன்னேன்” என்று ஆரம்பித்தார் மோகனசுந்தரம். “பேசாதீங்க” என்றாள். சத்தம் போடவில்லை. அணைத்தாள், கவிழ்த்தாள், திறந்தாள். கறுப்பு வயர் தன் வளையத்தைவிட்டு எகிறிப் பக்கத்தில் படுத்திருந்தது. அமுக்கினால் போதும் என்று நினைத்ததுதான் தப்பு. பத்து வருஷம் ரவிக்கைக்குப் பட்டன் வைத்தவளுக்கு இதுகூடத் தெரியவில்லை, சத்தம் வர வேண்டும், சத்தம் வராத பட்டன் மாட்டாத பட்டன். வளையத்தை நேராக உட்காரவைத்துக் கட்டைவிரல் நகத்தால் அழுத்தினாள். டக். வெள்ளையையும் சந்தேகத்துக்கு இன்னொரு தடவை. டக். பத்து நாற்பத்தெட்டு. ஆன் செய்தாள். நாலு கோடு. அதற்குக் கீழே அவள் இதுவரை பார்த்தேயிராத ஒரு பேர், அதே வீட்டு வைஃபையின் பேர், வாலில் 5ஜி என்று. “இது யாருதுங்க?” “நம்முளுதுதான். வைஃபை பெட்டி ஒண்ணுதான், அதுல ரெண்டு லைன் வரும். இது வேகமானது. நான் போன்ல இதுலதான் படம் பாக்கறேன்.” தமயந்தி அவரைத் திரும்பிப் பார்த்தாள். “நாலு வருசமா இது இந்த வீட்டுல இருக்குதா?” “இருக்குது.” “ஒரு வார்த்தை சொல்லலீங்களே.” “சொல்லி? உன்ற பழைய கார்டுக்கு இது தெரியாதே, சொன்னா மனசு சங்கடப்படுவியேன்னு விட்டுட்டேன்.” சங்கடப்படுவியேன்னு. கையில் ஸ்குரூ டிரைவர் இருந்தது. அவரைக் குத்துவதா தன்னையே குத்திக்கொள்வதா என்று தெரியாமல் அதை மேஜையில் வைத்தாள். “இனிமே என்ற சங்கடத்த நானே பாத்துக்கறேன். நீங்க தெரிஞ்சதைச் சொல்லுங்க, போதும்” என்றாள். பாஸ்வேர்டைக் கேட்டு அடித்தாள். ஒட்டிக்கொண்டது.

பத்து ஐம்பத்தைந்து. ஒன்பது ஸ்குரூவும் கிண்ணத்திலேயே கிடக்கட்டும். காதில் இயர்போனை மாட்டினாள். கௌசிகாவின் போனிலிருந்து அழைப்பு வந்தது, பெஞ்சு இழுக்கிற சத்தம், பிள்ளைகள் கத்துகிற சத்தம், வாத்தியார் இன்னும் வரவில்லை. ‘கேக்குதா?’ என்று அடித்தாள். விரலை எடுப்பதற்குள் போய்விட்டது. ‘கேக்குதுக்கா. என்னக்கா, இன்னைக்கு இவ்வளவு ஸ்பீடு!’ தமயந்தி மறுபடி விசை மேல் விரலை வைத்தாள். இப்போது அடிக்காவிட்டால் இனி ஒருநாளும் அடிக்க மாட்டாள், தெரியும். பிரின்ஸிபால் வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் முடியாது. ‘போன வியாழக்கிழமை எனக்குக் கேட்டுச்சு கண்ணு. பொய் சொன்னேன். அடிச்சதை நானே அழிச்சேன். அவர் சொன்னது இதுதான்’ என்று அடித்து, அந்த வாக்கியத்தைச் சொல் மாறாமல் முழுசாக அடித்து, ‘எல்லாரும் சிரித்தார்கள்’ என்பதையும் அடித்து, கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினாள். திறந்து பார்த்தால் வட்டமும் சுற்றவில்லை, ஒன்றும் நிற்கவில்லை, போயிருந்தது. பதில் இல்லை. ஐம்பத்தாறு. ஐம்பத்தேழு. போச்சு, அந்தப் பிள்ளை இனி நம்மிடம் பேசாது, பேச வேண்டாம், நாமும் பேசத் தகுந்தவளில்லை. ஐம்பத்தெட்டுக்கு வந்தது. ‘பாதி அன்னைக்கே தெரியும்க்கா. அவர் உதட்டைப் பாத்தேன். மீதிய நீங்களாத் தருவீங்களான்னு பாத்துட்டிருந்தேன்.’ தமயந்தி பதில் அடிப்பதற்குள் காதில் ‘குட் மார்னிங் சார்’ என்று வகுப்பே எழுந்தது. அடித்தாள். “உட்காருங்க, உட்காருங்க. பிரின்ஸிபால் சார் இன்னைக்கு நம்ம வகுப்பைப் பாக்க வந்திருக்காரு” என்று தாண்டவமூர்த்தி சாரின் குரல், தேனாகக் குழைந்துகொண்டு. அடித்தாள். “இந்தப் பொண்ணுக்கு நாங்க ஒரு கொறையும் வெக்கலைங்க சார். என்னம்மா கௌசிகா, நான் சொல்றதெல்லாம் புரியுதில்ல?” அதையும் அடித்தாள், ஒரு எழுத்து விடாமல், விசையைக் குத்திக் குத்தி. வழக்கமாக அந்தப் பிள்ளை இதற்குத் தலையாட்டிவிடும். இன்றைக்கு பெஞ்சு நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு குரல், தடிப்பாக, ஏற்ற இறக்கம் இல்லாமல். இரண்டு வருஷமாக இந்தக் காதில் எல்லார் குரலும் விழுந்திருக்கிறது, அந்தக் குரல் ஒரு தடவைகூட விழுந்ததில்லை. “புரியுது சார். போன வாரம் கண்ணு தெரியாதவன் மைக்ராஸ்கோப் கேப்பான்னு சொன்னீங்களே, அதுவும் புரிஞ்சுது சார்.” தமயந்தி அதைக் கௌசிகாவின் பேரைப் போட்டு அடித்து அனுப்பினாள். இயர்போனைக் காதோடு அழுத்திக் கேட்டாள். மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் இருந்தது. ‘யாரும் சிரிக்கவில்லை’ என்று அடித்தாள். உடனே போய்ச் சேர்ந்தது.